கொருக்குப்பேட்டை கம்பித் தட்டான்: இது யாரு?

கேள்வி. 13 அக்டோபர் 2024, மாலை 6.10

"கொருக்குப்பேட்டை, கால்வாய் ஓரம், இன்னைக்கு காலையில எடுத்தது. மஞ்சளா ஒரு தட்டான், கம்பி மேல உக்காந்திருக்கு. பூச்சிப் பேர் சொல்ற செயலியில போட்டா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பேர் சொல்லுது. ஒரே ஒரு படம்தான் இருக்கு, அதுக்குள்ள பறந்துடுச்சு. யாராவது பேர் சொல்லுங்கண்ணே."

13 அக்டோபர், இரவு 11.40

கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம் தம்பி. பண்டாலா ஃபிளாவெசென்ஸ். இங்கிலீஷ்ல வாண்டரிங் கிளைடர்னு போட்டிருப்பாங்க. மழைக்கு முன்னாடி தெருவுக்குத் தெரு கூட்டமா சுத்துமே, "தட்டான் தாழப் பறந்தா மழை"ன்னு பாட்டிங்க சொல்ற அதே ஆசாமி. அக்டோபர் மாசம், மஞ்சள் உடம்பு, வட சென்னை. வேற என்ன வேணும்?

நைட் ஷிஃப்ட். நான் வேலை பாக்குற கன்டெய்னர் யார்டு கேட்ல லாரி வரல, அதான் உடனே பதில்.

14 அக்டோபர், காலை 7.15

மேல சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

ஷிஃப்ட் முடிச்சு வந்து பெரிய ஸ்க்ரீன்ல பாத்தேன். பண்டாலா உக்காராது, தொங்கும். செடியோ கம்பியோ, காலால பிடிச்சுக்கிட்டு உடம்பைக் கீழ விட்டுடும், துணி காயப்போட்ட மாதிரி. அதுவும் எப்பவாவதுதான். நாள் முழுக்கக் காத்துலயே இருக்கிற ஜீவன் அது. படத்துல இருக்கிறது கிடைமட்டமா ஓடுற கம்பி மேல, கம்பியோட நீளத்துக்கு உடம்பை வெச்சு, அசால்ட்டா படுத்திருக்கு. பண்டாலா இப்படி உக்காந்து நான் பாத்ததே இல்லை.

சாக்கடை ஓரம், மஞ்சள்பழுப்பு, தட்டையா உக்கார்ற பழக்கம். இது டிச் ஜுவல்ங்கிற தட்டானோட பெண். பிராக்கிதெமிஸ் கன்டாமினாட்டா. ஆணுக்கு இறகுல பெரிய ஆரஞ்சுப் பட்டை இருக்கும், பாத்தவுடனே தெரியும். பெண்ணுக்குக் கிடையாது. அழுக்குத் தண்ணியைத் தாங்குற தட்டான்ல இது முதல் வரிசை. கால்வாய் ஓரம் பத்து தட்டான் பாத்தா எட்டு இதுவாத்தான் இருக்கும்னு அனுபவத்துல சொல்றேன், எண்ணிப் பாக்கல.

ராத்திரி அடிச்ச பீலாவுக்கு மன்னிப்பு.

15 அக்டோபர், பிற்பகல் 3.30

மழை. தண்டையார்பேட்டையில எங்க தெரு முழங்கால் வரைக்கும். லீவு. வேலை இல்லாததால கணக்கு போட்டேன்.

படத்துல தட்டானோட நீளம் கம்பியோட தடிமனைப் போல 3.8 மடங்கு. ஸ்கேல் வெச்சு ஸ்க்ரீன் மேலயே அளந்தேன், வீட்டம்மா ஒரு மாதிரி பாத்தாங்க. கட்டட வேலைக்குப் போடுற முறுக்குக் கம்பி அது. 8 எம்எம்னு வெச்சுக்கிட்டா 30 மில்லிமீட்டர், அதாவது மூணு சென்டிமீட்டர். டிச் ஜுவல் அந்த அளவுதான். பண்டாலா நாலரை, அஞ்சு வரும்.

கேஸ் முடிஞ்சுது.

16 அக்டோபர், காலை 10.05

மாதவரத்துத் தம்பி கேட்டிருக்காரு: "பின்னிறகோட அடிப்பக்கம் ரொம்ப அகலமா தெரியுதே அண்ணே, பண்டாலாவுக்குத்தானே அப்படி?" கோணம் தம்பி, கோணம். மேல இருந்து சாய்வா எடுத்தா எந்த இறகும் அகலமாத்தான் தெரியும். போதாக்குறைக்குப் படம் வாட்ஸாப்ல வந்தது. அது படத்தைச் சுருக்கும்போது முதல்ல சாகுறது இறகு நரம்புதான்.

16 அக்டோபர், இரவு 9.20

இன்னொருத்தர் எழுதியிருக்காரு, "கன்டாமினாட்டா"ன்னு பேரு வந்ததே நம்ம பக்கிங்காம் கால்வாய்ச் சாக்கடையைப் பாத்துதானாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. வட சென்னைக்கு உலகப் புகழ். ஆனா இடிக்குது தலைவரே. இந்தப் பேரை வெச்சவர் டென்மார்க் பூச்சி ஆராய்ச்சியாளர் ஃபாப்ரீசியஸ், வெச்ச வருஷம் 1793. பக்கிங்காம் கால்வாய் சென்னையிலேர்ந்து எண்ணூர் வரைக்கும் வெட்டி முடிச்சது 1806-ல. இல்லாத கால்வாயில எப்படிச் சாக்கடை ஓடும்?

அவர் இந்தியா பக்கமே வந்ததில்லை. உயிரினங்களுக்கு ரெண்டு சொல்லுல பேர் வைக்கிற முறையைக் கொண்டுவந்த லின்னேயஸோட சீடர், ஐரோப்பாவுல உக்காந்துக்கிட்டு, கப்பல்ல வந்த காஞ்ச பூச்சியை வெச்சுப் பேர் குடுத்தவர். அந்த லத்தீன் சொல்லுக்கு அசுத்தமானதுங்கிறதோட கறை படிஞ்சதுன்னும் ஒரு அர்த்தம் உண்டு. இறகுல ஆரஞ்சைக் கொட்டின மாதிரி இருக்கே, அந்தக் கறைன்னு என் கணக்கு.

நம்மளாவது படத்தைப் பாத்துச் சொல்றோம்னு வெக்கப்படுறோம். அவர் நிறம் போன பொணத்தைப் பாத்து ஆயிரக்கணக்குல பேர் வெச்சாரு, பெரும்பாலும் நிக்குது. கையில இருந்துச்சு, திருப்பித் திருப்பிப் பாத்தாரு. வித்தியாசம் அங்கதான் இருக்கு.

17 அக்டோபர், காலை 6.50

ஒரு திருத்தம். 1806-ல அதுக்குப் பேரு பக்கிங்காம் இல்லை, காக்ரேன் கால்வாய். தாது வருஷப் பஞ்சத்துல கூலிக்கு ஆள் வெச்சு நீட்டிச்சாங்க, அதுக்கப்புறம் 1878-லதான் கவர்னர் பக்கிங்காம் பிரபுவோட பேரை வெச்சாங்க. தட்டான் பேரு கால்வாய்ப் பேருக்கு 85 வருஷம் மூத்தது.

27 அக்டோபர், மாலை 5.00

"பெண்"ன்னு 14-ம் தேதி அடிச்சுச் சொன்னேன். அதுலயும் ஓட்டை.

இந்தக் குடும்பத்துல ஆணும் தோலுரிச்சு வெளிய வந்த புதுசுல பெண் நிறத்துலதான் இருக்கும். நாளாக நாளாகத்தான் சிவப்போ ஆரஞ்சோ ஏறும். அதனால மஞ்சளா இருந்தா பெண்ணாவும் இருக்கலாம், மீசை முளைக்காத பையனாவும் இருக்கலாம். சந்தேகம் தீர பக்கவாட்டுப் படம் வேணும். ஆணுக்கு வயித்தோட ரெண்டாவது கண்டத்துக்கு அடியில ஒரு புடைப்பு இருக்கும். மேல இருந்து எடுத்த படத்துல அது வராது.

கேட்டது கேட்டுட்டீங்க, எப்படி எடுக்கணும்னு எனக்குப் பழகினதைச் சொல்றேன். முதல்ல தூரத்துலேர்ந்து ஒண்ணு எடுத்து வெச்சுடுங்க, மொக்கையா இருந்தாலும் சரி. கிட்டப் போகப் போக மேல, பக்கம், முடிஞ்சா முகம். உக்காந்த செடியையும் ஒண்ணு, இலை தெரியுற மாதிரி. பாதி பூச்சிக்குச் செடிதான் அடையாள அட்டை. கறிவேப்பிலையைத் தின்னுற புழுவும் எருக்கைத் தின்னுற புழுவும் வீடு மாத்திக்காது. பக்கத்துல ஒரு ரூபாய் நாணயம் வைக்க முடிஞ்சா வைங்க. தட்டான்கிட்ட வைக்க முடியாது, பறந்துடும். வண்டுகிட்ட வைக்கலாம். அப்புறம் அந்த மூலப்படத்தை அப்படியே ஏத்துங்க. ஃபார்வர்டு பண்ணா தேதியும் இடமும் படத்துலேர்ந்து உதிர்ந்துடும்.

புலி வண்டைப் பத்தி மட்டும் கேக்காதீங்க. எண்ணூர் முகத்துவாரச் சேத்துல மூணு ஞாயித்துக்கிழமை குப்புறப் படுத்தேன். அது ஓடுற வேகத்துக்கு அதுக்கே கண்ணு தெரியாதாம், அதனாலதான் கொஞ்சம் ஓடி, நின்னு பாத்து, மறுபடி ஓடுது. நிக்கிற அந்த அரை நொடியில என் ஃபோன் ஃபோகஸ் தேடிக்கிட்டிருக்கும். என்கிட்ட இருக்கிறது 64 சேத்துப் படம்.

3 நவம்பர், இரவு 10.30

இழை திசை மாறுது, மாறட்டும். இன்னைக்கு வீட்டுல நடந்தது.

பாத்ரூம் சுவத்துல பச்சையா மின்னுற ஒண்ணு. அம்மா "பொன்வண்டுடா"ன்னாங்க. சின்ன வயசுல தீப்பெட்டிக்குள்ள கொன்னை இலை போட்டு வளத்த பொன்வண்டு ஞாபகம் அவங்களுக்கு. ஓடிப் போய் எடுத்தேன். செயலி "குயில் குளவி"ன்னு சொல்லுது. குயில் மாதிரி அடுத்தவன் கூட்டுல முட்டை வைக்கிற குளவி, அதுவும் பச்சையா மின்னும். நானும் சரின்னு பேரைப் போட்டு ஏத்திட்டேன்.

அஞ்சு நிமிஷம் கழிச்சு அம்மா கூப்பிடுறாங்க. அந்தப் பச்சை ஒரு கரப்பானோட மீசையைக் கவ்விக்கிட்டு, கண்ணு தெரியாதவரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி, பின்னாலேயே நடந்து இழுத்துக்கிட்டுப் போகுது. கரப்பானும் சமத்தாப் போகுது.

மரகதக் குளவி. ஆம்ப்புலெக்ஸ் கம்ப்ரெஸா. முதல் கொட்டு நெஞ்சுல, முன்னங்கால் கொஞ்ச நேரம் மரத்துப் போகும். ரெண்டாவது கொட்டு தலைக்குள்ள, மூளையில. அதுக்கப்புறம் கரப்பானுக்கு நடக்கத் தெம்பு இருக்கும், தானா கிளம்பணும்கிற எண்ணம் இருக்காது. மீசையைப் பாதியா வெட்டி, மிச்சத்தைப் பிடிச்சுப் பொந்துக்குக் கூட்டிட்டுப் போய், கால்ல ஒரு முட்டை ஒட்டி, வாசலைக் கல்லு மண்ணு போட்டு அடைச்சுடும். புழு கரப்பானை உயிரோடவே தின்னு வளரும்.

எங்க வீட்டுப் பொந்து வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி. மெஷினை நகத்தக் கூடாதுன்னு நான் சொன்னதுக்கு நடந்த சண்டை இந்த இழைக்குச் சம்பந்தமில்லாதது.

4 நவம்பர், காலை 8.00

படத்துலேயே தெரிஞ்சிருக்கணும்கிறது இப்பத்தான் உறைக்குது. மரகதக் குளவிக்கு நடுக்கால் தொடையும் பின்னங்கால் தொடையும் செக்கச்செவேல்னு இருக்கும். என் படத்துல சிவப்பு இருக்கு. பச்சை மினுமினுப்புல மயங்கி காலைப் பாக்கல. செயலியும் பாக்கல போல. செயலி சொன்ன பேரை நான் நம்பினேன், நான் சரின்னு சொன்னதை வெச்சு நாளைக்கு இன்னொருத்தர் நம்புவாரு. பேரை மாத்திட்டேன்.

17 நவம்பர், விடிகாலை 4.10

யார்டுல இருந்து எழுதுறேன். ராத்திரியில அந்துப்பூச்சி எடுக்க எங்க போகணும்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. எங்கேயும் போக வேணாம், வெள்ளைச் சுவர் மேல விளக்கு எரியுற இடம் போதும். எங்க கன்டெய்னர் யார்டு கேட்டுக்குப் பக்கத்துல பெரிய மெட்டல் ஹேலைடு விளக்கு இருந்துச்சு. அதுலேர்ந்து புற ஊதா வெளிச்சமும் வரும், பூச்சிக்கு அது பிடிக்கும். மழை விட்ட ராத்திரியில சுவரே தெரியாது. அரளி இலையைத் தின்னு வளர்ற டாஃப்னிஸ் நெரி, மிலிட்டரி சட்டை போட்ட மாதிரி பச்சையா, உள்ளங்கை அகலத்துக்கு உக்காந்திருக்கும். லாரி டிரைவருங்க இறங்கி வந்து செல்ஃபி எடுப்பாங்க. போன வருஷம் எல்.ஈ.டி. மாத்தினாங்க. கரண்ட் பில் குறைஞ்சுது, என் ஆல்பமும் குறைஞ்சுது.

பெரிசுக்குப் பேர் சொல்றது சுலபம். கஷ்டம் நகத்தளவு பழுப்பு நிறத்துல வர்றதுங்க. ஆரம்பத்துல ஒவ்வொண்ணுக்கும் இனப்பேர் வரைக்கும் போட்டுக்கிட்டிருந்தேன், ஏதோ புஸ்தகத்துல ஒத்துப்போற மாதிரி ஒரு படம் கிடைச்சா போதும். அந்துப்பூச்சியையே படிச்ச ஒரு அம்மா ஒருநாள் என் படங்களா பாத்து வரிசையா "குடும்பத்தோட நிறுத்துங்க"ன்னு எழுதிட்டுப் போனாங்க. அதாவது இனம் வரைக்கும் போகாம, மேல இருக்கிற பெரிய பிரிவோட. முப்பது படத்துக்கும் அதே வாக்கியம். கோவம் வந்துச்சு. கேட்டதுக்கு, அதுல சிலதை அறுத்து இனப்பெருக்க உறுப்பை மைக்ராஸ்கோப்புல பாக்காம யாராலயும் சொல்ல முடியாதுன்னாங்க. இறகு ஒரே மாதிரி இருக்குமாம், பூட்டும் சாவியும் மட்டும் வேற வேற.

இப்ப இனத்துக்கு ஒரு படி மேல இருக்கிற பேரினம் தெரிஞ்சா பேரினம், இல்லன்னா குடும்பம். சிலதுக்கு "அந்துப்பூச்சி"ன்னு மட்டும் போட்டு விட்டுடறேன். அதுவும் தப்பாப் போன நாள் உண்டு.

2 டிசம்பர், காலை 9.45

ஃபெஞ்சல் மழை விட்டாச்சு, வீட்டுக்குள்ள பூச்சி. வியாசர்பாடியிலேர்ந்து ஒரு அக்கா படம் போட்டு, "பையன் கழுத்துல கோடு போட்ட மாதிரி கொப்புளம், பூச்சி மூத்திரம்னு சொல்றாங்க, இது அதுதானா?"ன்னு கேட்டிருக்காங்க.

இந்த ஒண்ணுக்குத் தயங்காம சொல்றேன். தலை கறுப்பு, நெஞ்சு ஆரஞ்சு, நடுவுல நீலமா மின்னுற குட்டை இறகுமூடி, அதுக்குக் கீழ மறுபடி ஆரஞ்சு, வால்நுனி கறுப்பு. எறும்புன்னு நினைப்பீங்க, வண்டு அது. பீடரஸ். கடிக்காது, கொட்டாது, மூத்திரமும் போகாது. உடம்பு மேல ஊரும்போது நாம கையால தேய்ச்சு நசுக்குறோம் பாருங்க, உள்ளே இருக்கிற ரசம் தோலைப் பொசுக்கிடும். தேய்ச்ச கோட்டுலேயே கொப்புளம் வரும், அதுவும் உடனே வராது, அடுத்த நாள் வரும். அதனாலதான் யாரும் பூச்சியைச் சந்தேகப்படுறதில்லை, பல்லி எச்சம்னு போயிடுறாங்க. மேல ஊர்ந்தா ஊதி விடுங்க, அந்த இடத்தைச் சோப்பு போட்டுக் கழுவுங்க, அதே கையால கண்ணைத் தொடாதீங்க. பையனைத் தோல் டாக்டர்கிட்ட காட்டிடுங்க அக்கா. படம் பாத்து நான் பூச்சிக்குத்தான் பேர் சொல்வேன், கொப்புளத்துக்குச் சொல்ல மாட்டேன்.

2 டிசம்பர், இரவு 8.30

அதே அக்கா இன்னொரு படம். கூட்டமா சாக்கடை மேல சுத்துறது கொசுவான்னு. பெரும்பாலும் இல்லைக்கா. வாயில ஊசி இருக்கா பாருங்க. இல்லன்னா மிட்ஜ்னு கொசு மாதிரியே இருக்கிற பூச்சி, இந்த வகைக்குக் கடிக்கவே தெரியாது. உக்காரும்போது முன்னங்காலைத் தூக்கினா மிட்ஜ், பின்னங்காலைத் தூக்கினா கொசு. ரெண்டும் ஒரே நேரத்துல வீட்டுக்குள்ள வரும்கிறது வேற விஷயம்.

22 டிசம்பர், பகல் 12.15

பழைய படங்களைச் சுத்தம் பண்ணிக்கிட்டிருந்தேன். ஒரு திடுக்கிடல்.

வெந்தய வரியன், அதான் பிளெய்ன் டைகர், என்கிட்ட 41 படம். வட சென்னையில எருக்கு இருக்கிற எல்லா ரயில் ஓரத்துலயும் இருக்கும், யாரும் ரெண்டாவது தடவை பாக்காத வண்ணத்துப்பூச்சி. எருக்கஞ்சாறு குடிச்சு வளர்றதால கசக்கும், பறவை தொடாது. அந்தக் கசப்பைக் காட்டிப் பொழைக்கிற வேஷக்காரி ஒருத்தி உண்டு: டனாயிட் எக்ஃபிளையோட பெண். நிறம், ஓரக் கறுப்பு, முன்னிறகு முனையில வெள்ளைப் பட்டை, எல்லாம் அச்சு அசல். மாட்டிக்கிறது பின்னிறகுல. நிஜ வரியனுக்குப் பின்னிறகு நடுவைச் சுத்தி மூணு கறுப்புப் புள்ளி, ஆணா இருந்தா நாலு. வேஷக்காரிக்கு மேல் விளிம்பு பக்கம் ஒண்ணே ஒண்ணு.

41 படத்தையும் மறுபடி எண்ணினேன். 39 சரி. ஒண்ணுல பின்னிறகை இலை மறைச்சிருக்கு, சொல்ல முடியாது. ஒண்ணு, 2021-ல மணலி பக்கம் எடுத்தது, ஒரே புள்ளி. மூணு வருஷமா என் ஃபோன்ல தப்பான பேர்ல இருந்திருக்கா.

கொடுமை என்னன்னா அந்தப் படத்துல அவ சுத்திக்கிட்டிருக்கிறது தரையில படர்ந்த பருப்புக்கீரை மேல. வரியன் முட்டை வைக்கிறது எருக்கு வகையில, எக்ஃபிளை முட்டை வைக்கிறது பருப்புக்கீரையில. அக்டோபர்ல செடியைப் பாருங்கன்னு உங்களுக்கு உபதேசம் பண்ணவன் நான்.

எருக்குன்னதும் இன்னொண்ணு. 2020 மே மாசம் வடக்க பாலைவன வெட்டுக்கிளி படையெடுத்தப்போ, கிருஷ்ணகிரி பக்கம் எருக்கஞ்செடி பூரா வெட்டுக்கிளி மொய்ச்ச படம் ஊரையே கலக்குச்சே, ஞாபகம் இருக்கா? மஞ்சளும் நீலமும் பச்சையுமா வர்ணம் பூசின மாதிரி இருக்கிற எருக்கு வெட்டுக்கிளி அது. காலங்காலமா இங்கேயே இருக்கிறது. எங்க தெரு குரூப்புலயும் "வந்துடுச்சு"ன்னு ஃபார்வர்டு. எருக்குலதானே உக்காந்திருக்குன்னு நான் ஒரு வரி எழுதினேன். எழுதின கொஞ்ச நேரத்துல குரூப்பை அட்மின் மட்டும் எழுதுற மாதிரி மாத்திட்டாங்க.

5 ஜனவரி 2025, இரவு 9.00

தும்பியா தட்டானான்னு நடுவுல ஒரு சண்டை ஓடியிருக்கு. பழைய பாட்டுல வர்ற தும்பி தேன் குடிக்குது, பூவுக்குப் பூ போகுது. தட்டான் கறி மட்டும்தான் சாப்பிடும், பறக்கிற கொசுவைக் காலாலேயே அள்ளிக்கும். அதனால பாட்டுத் தும்பி வண்டுதான். மலையாளத்துல தட்டானைத் தும்பின்னு சொல்றாங்க, அங்கேர்ந்து சிலர் எடுத்துக்கிட்டாங்க போல. சொல்றவங்க சொல்லட்டும். நான் வாலுல நூல் கட்டிக் கல்லு தூக்க வெச்ச பாவி, எனக்கு அது தட்டான்தான்.

15 ஜனவரி, காலை 11.20

மாட்டுப்பொங்கல். மச்சான் வந்திருந்தான். கம்பி கட்டுற வேலை, பதினஞ்சு வருஷ அனுபவம். சாப்பிட்டுட்டு என் ஃபோனை நோண்டிக்கிட்டிருந்தவன் இந்த இழையோட முதல் படத்தைப் பாத்து நின்னான்.

"மாமா, இந்தக் கம்பி ஏன் படுத்திருக்கு?"

கம்பின்னா படுத்திருக்காதாடான்னேன். பூச்சியை அவன் பாக்கவே இல்லை. கம்பியை ஜூம் பண்ணிக் காட்டினான். துரு ஒழுகின தடம், கம்பியோட நீளத்துக்கே ஓடுது. "படுத்த கம்பின்னா துருத்தண்ணி குறுக்க வழிஞ்சு அடியில சொட்டும். இது மேலேர்ந்து கீழ வழிஞ்சிருக்கு. நிக்கிற கம்பி. தூணுக்கு விட்டு வெச்சது." அப்புறம் நான் போட்ட கணக்கைப் படிச்சுட்டு சிரிச்சான். "தூணுக்கு எவன் மாமா எட்டு எம்எம் போடுவான்? எட்டு, தூண் கம்பியைச் சுத்திக் கட்டுற ரிங்குக்கு. இது பன்னெண்டாவது இருக்கும்."

நிக்கிற கம்பின்னா தட்டான் உக்காரல. தொங்குது.

15 ஜனவரி, காலை 11.55

கேள்வி கேட்ட தம்பிக்கு மெசேஜ் போட்டேன். வந்த பதில் அப்படியே:

"ஆமாண்ணே, கம்பி நேராத்தான் நின்னுச்சு. படம் படுக்கையா இருந்தா நல்லா இருக்கும்னு திருப்பிட்டேன். அது முக்கியமா?"

15 ஜனவரி, மாலை 4.40

சரி, ஒழுங்கா எழுதுறேன்.

12 எம்எம்மை 3.8-ஆல பெருக்கினா 45.6. நாலரை சென்டிமீட்டர். டிச் ஜுவல் அவ்வளவு நீளம் வராது. செங்குத்துக் கம்பியில உடம்பைக் கீழ விட்டுத் தொங்குது. பின்னிறகோட அடி அகலம். இந்த மூணாவதை மாதவரத்துத் தம்பி அக்டோபர் 16-லேயே சொன்னாரு, நான் கோணம்னு தட்டிவிட்டேன். அகலம் எனக்கும் தெரிஞ்சுது, அதுக்குள்ள "உக்காந்திருக்கு"ன்னு முடிவு பண்ணிட்டதால கண்ணு அதைக் கணக்குல எடுத்துக்கல. தம்பி, மன்னிச்சுக்கங்க.

பண்டாலா ஃபிளாவெசென்ஸ். முதல் நாள் ராத்திரி சொன்னதேதான். அதுக்காக முதல் பதில் சரியா இருந்துச்சுன்னு பெருமைப்பட முடியல. "அக்டோபர், மஞ்சள்"னு சொன்னேன், அதுக்குப் பேரு குருட்டு அடி. மறுநாள் யோசிச்சு, அளந்து, பழக்கவழக்கம் பாத்துச் சொன்ன பதில்தான் தப்பாப் போச்சு.

ஆணா பெண்ணான்னு இன்னும் தெரியாது. அக்டோபர் 27-ம் தேதி எழுதினதுல அது மட்டும் நிக்குது.

பண்டாலாவைப் பத்தி ஒண்ணு சொல்லாம விட்டேன், டிச் ஜுவல்னு மாறினதுல மறந்துபோச்சு. மாலத்தீவுல வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன்னு ஒரு உயிரியலாளர், தட்டான் வளர நல்ல தண்ணியே பெருசா இல்லாத அந்தத் தீவுகளுக்கு வருஷா வருஷம் அக்டோபர்ல ஏன் தட்டான் கூட்டம் வருதுன்னு குறிச்சுக்கிட்டே வந்தாரு. இந்தியாவுலேர்ந்து காத்தோட கிளம்பி, தீவு தீவாத் தாண்டி, கிழக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போகுதுன்னு 2009-ல எழுதினாரு. ஒரே தட்டான் போயிட்டுத் திரும்புறதில்லை. மழைக்குட்டையில முட்டை, ரெண்டு மாசத்துக்குள்ள அடுத்த தலைமுறை, அது அடுத்த மழையைத் தேடிக் கிளம்பும். கொருக்குப்பேட்டை கம்பியில அஞ்சு நிமிஷம் தொங்கினது அதுல ஒண்ணா இருந்திருக்கலாம்.

19 ஜனவரி, பகல் 1.30

தம்பி இடம் காட்ட, நேர்ல போனேன். யார்டுலேர்ந்து வெர்னியர் காலிப்பர் கடன் வாங்கிட்டுப் போனேன், எதுக்குன்னு கேட்ட சூப்பர்வைசருக்குத் தட்டான்னு சொல்லல.

தூண் எழும்பிடுச்சு. படத்துல இருந்த கம்பி கான்கிரீட்டுக்குள்ள. கடைசித் தூண் ஒண்ணு மட்டும் இன்னும் போடல, அதே லாட் கம்பி, நாலு நிக்குது. அளந்தேன். துருவைச் சுரண்டிட்டு மறுபடி அளந்தேன். 12.

தலைப்பை "பண்டாலா"ன்னு மாத்தட்டுமான்னு கேட்டவங்களுக்கு: வேணாம், பழைய குறிப்பு எதையும் அழிக்கவும் போறதில்லை.

19 ஜனவரி, பகல் 1.50

அளந்து முடிச்சு நிமிர்ந்தா, நாலாவது கம்பியோட நுனியில ஒண்ணு வந்து உக்காந்துச்சு. தொங்கல, உக்காந்துச்சு. மேல, பக்கம், முகம், மூணும் எடுத்திருக்கேன். இறகுல ஆரஞ்சுப் பட்டை, முனை மட்டும் கண்ணாடி. காலிப்பரும் ஃபிரேம்ல இருக்கு. படத்தைத் திருப்பல.

பேர் நீங்க சொல்லுங்க தம்பி.